தலைமன்னார் பியரில் முடியும் வீதி

பெரியம்மா கோத்தகிரியில் இறந்துபோன செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்தது. அவருடைய மகள், எனக்கு அக்கா, வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டே பேசினாள். கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டின் குசினி வாசலில் நின்றபடி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை இறக்கி வைத்தார். "எப்ப எடுக்கிறாங்கன்னு கேளு" என்றார். மறுநாள் மத்தியானம் எடுப்பதாகச் சொன்னார்கள்.

நாங்கள் கோத்தகிரி போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. விசா வர இரண்டு நாள். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏற வேண்டும். பால் தெளித்து எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி வரை இருக்கலாம் என்றால் எனக்கு லீவு இல்லை. அம்மா வீட்டைச் சுற்றி வந்து, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த அம்மியைப் பார்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 1972இல் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, பெரியம்மா தூக்கிக்கொண்டு போன அம்மி அது. நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது. "அங்க கல்லே இருக்காதான்னு தாத்தா சத்தம் போட்டாரு. கேக்கவே இல்ல" என்றார் அம்மா.

திரும்பி வரும்போது விமானத்தில் ஜன்னலோரம் இருந்தார். கீழே கடல் தெரிந்தது. "அக்கா கோச்சியிலயும் கப்பல்லயுமா போய்ச் சேந்துட்டா. இத்தன கல்லையும் கட்டிக்கிட்டுப் போனா. இப்ப ஏன் அப்பிடிப் போக முடியல?" என்று கேட்டார். கோச்சி என்றால் எங்களுக்கு ரயில்.

எனக்கு அப்போது ஒழுங்கான பதில் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடியதுதான்.

நான் இருபது வருடமாக வாஃப் கிளார்க். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு கஸ்டெக் என்ற சுங்கப் படிவம் போடுவது, டிஓ என்ற விடுவிப்புக் கடிதம் எடுப்பது, சுங்கத்தில் நின்று பெட்டியை வெளியே எடுப்பது என் வேலை. இந்தத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி இலங்கைக்கு வருபவையே அல்ல. ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுகின்றன. அவற்றிலும் பாதிக்கு மேல் இந்தியாவிலிருந்து வருபவை அல்லது இந்தியாவுக்குப் போகிறவை. ஒரு பெட்டிக்கு இந்தக் கடலைக் கடக்கக் காகிதம் இருக்கிறது, நேர அட்டவணை இருக்கிறது, தினமும் ஏதோ ஒரு கப்பலும் இருக்கிறது. அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஏஎச் 43 என்று ஒரு வீதி இருக்கிறது. ஆசிய நெடுஞ்சாலை வலைப்பின்னலில் 43ஆம் இலக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் ஆசிய ஆணைக்குழு 1959இல் தொடங்கிய திட்டம் இது. பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்து, 2004இல் ஷாங்காயில் நாடுகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் ஏஎச் 43 ஆக்ராவில் தொடங்குகிறது. நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னாரில் மறுபடி ஏறி, அனுராதபுரம், தம்புள்ளை, குருநாகல், கொழும்பு, காலி என்று இறங்கி மாத்தறையில் முடிகிறது. கொழும்பிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஏறும் யாரும் ஆக்ராவிலிருந்து வரும் வீதியில்தான் போகிறோம் என்று நினைப்பதில்லை. எனக்கும் இது தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஆட்கள் வந்த வழியும் போன வழியும் ஒரு சர்வதேச உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் சுமார் 30 கிலோமீற்றர் கடல் மட்டும் சும்மா கிடக்கிறது.

சும்மா என்று சொல்வது தப்பு. 1914இலிருந்து அந்தக் கடலில் ஒழுங்கான போக்குவரத்து இருந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். அப்புறம் எழும்பூரில் ஏறிய ரயில் தனுஷ்கோடி இறங்குதுறை வரைக்கும் வரும், அங்கே நீராவிக் கப்பலுக்கு மாறி தலைமன்னார் பியரில், அதாவது அந்தப் பக்கத்து இறங்குதுறையில், இறங்கினால் கொழும்புக் கோட்டைக்கு ரயில் தயாராக நிற்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். போட் மெயில் என்று அதற்குப் பெயர். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர் பழைய ஆட்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தபால், வியாபாரிகள், மாணவர்கள், கச்சேரி வித்வான்கள், கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லாரும் அதில்தான் போய் வந்தார்கள்.

அதற்கு முன்னால் நிலைமை வேறு. தோட்டங்களுக்கு ஆள் பிடித்து வந்த காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கொலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு 16 நாள் நடந்தது. ஜூலை 28இல் கிளம்பி ஓகஸ்ட் 12இல் சேர்ந்தார்கள். கடைசி நாள் மாத்தளையில் நானும் போய் நின்றேன். பக்கத்து ஊர்ச் சிங்களச் சனம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. இந்த நாட்டின் முதல் எல்லை தாண்டிய வீதி அதுதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. அதைப் போட்டவர்கள் தார் ஊற்றவில்லை, நடந்தே போட்டார்கள்.

அப்படி வந்தவர்களின் பிள்ளைகளிடமிருந்து 1948இல் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரித்தார்கள். ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்து தனுஷ்கோடியையே அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. பின்னாளில் ராமானுஜம் என்ற கப்பல் ஓடியது.

எங்கள் ஆட்கள் அந்தக் கப்பலுக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஸ்டேசன் ஸ்டேசனாக, ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்களாம். பெரியம்மா பேரில் இந்தியப் பாஸ்போட் வந்தது, தாத்தா பேரில் இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அம்மா ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் போனார். தாத்தா பியர் வரைக்கும் கூடப் போய்விட்டு வந்து, மூன்று நாள் வேலைக்குப் போகாமல் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாராம். எண்பதுகளில் போர் தொடங்கியதும் அந்தக் கப்பலும் நின்றது. வடக்கே போன ரயில் பாதையும் தொண்ணூறில் போனது.

கோத்தகிரியிலிருந்து வந்து இரண்டு மாதம் கழித்து அம்மாவைத் தலைமன்னாருக்குக் கூட்டிப் போனேன். பியரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். கோட்டையில் இரவு ரயில் ஏறினோம். போரில் அழிந்த இந்தப் பாதையை இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் ஒன்று திருப்பிக் கட்டிக்கொடுத்தது. 2015 மார்ச் 14இல் பிரதமர் மோடி வந்து தலைமன்னாரில் கொடி காட்டினார். விடிகிற நேரம் ரயில் மன்னார்த் தாம்போதிக்குப் பக்கத்தில் கடல் நீரேரியைத் தாண்டியது. இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் பிறந்தவர், நீந்தத் தெரியாது.

பியர் ஸ்டேசனில் தண்டவாளம் முடிகிறது. அதற்கு அப்பால் பழைய இறங்குதுறையின் இரும்புக் கால்கள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன. மேலே போட்டிருந்த பலகை அங்கங்கே இல்லை. வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு வயதான மீனவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அம்மா நேரே அவரிடம் போனார்.

"ஐயா, கோச்சி நின்ன எடத்துல இருந்து கப்பலுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"நடக்கிறதே இல்லையம்மா. றெயில் பியருக்கு மேலயே வரும். இறங்கினா முன்னுக்குக் கப்பல்." கையால் காட்டினார். "நான் சின்னப் பொடியன். மலைநாட்டுச் சனம் வந்து குவியும். தகரப்பெட்டி, கோழிக்கூடு, அம்மி, உரல் எல்லாம் கொண்டு வருவினம். அழுகைச் சத்தம் எங்கட வீடு வரைக்கும் கேக்கும். எங்கட அம்மா தேத்தண்ணி ஊத்திக் கொண்டுவந்து குடுப்பா."

அம்மி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அவருடைய அக்கா அந்தத் தேத்தண்ணியைக் குடித்தாளோ இல்லையோ. ஆனால் குடித்திருப்பாள் என்று அம்மா முடிவே செய்துவிட்டார். கோட்டைக்குத் திரும்பி வரும் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தக் கரையில் நிற்கும்போதே என் போன் ஒரு தடவை அதிர்ந்தது. இந்திய வலையமைப்பு வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி. தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு இலங்கை சிக்னல் கிடைக்குமாம். போனுக்கு விசா தேவையில்லை.

இந்தக் கடலுக்கு மேலே பாலம் போடுவதைப் பற்றி மீனவரிடம் கேட்டேன். பாலப் பேச்சு புதிதல்ல. 2002இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோது இந்த யோசனையைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டிலிருந்தே பாதுகாப்பைச் சொல்லி எதிர்ப்பு வந்தது. 2015 டிசம்பரில் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி 24,000 கோடி ரூபாய் என்று கணக்கே சொன்னார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றது இலங்கை அரசு. 2023 ஜூலையில் ரணில் ஜனாதிபதியாக டெல்லி போனபோது, தரைவழித் தொடர்புக்கு ஆய்வு செய்வதாக இரண்டு நாடும் எழுத்தில் சொன்னார்கள். அந்த அறிக்கையில் திருகோணமலைத் துறைமுகமும் கொழும்புத் துறைமுகமும் இருக்கின்றன.

"பாலம் வரட்டும், வராமப் போகட்டும் தம்பி" என்றார் அவர். "முதல்ல ரோலர் நிக்கோணும். எங்கட வலையையும் கடலின்ர அடியையும் சேத்து வழிச்சுக்கொண்டு போறாங்கள். அதை நிப்பாட்டாம அக்கரைக்கு ரோட்டுப் போட்டா நாங்கள் யாரோட கதைக்கிறது?"

ரோலர் என்று அவர் சொன்னது இழுவைமடிப் படகை. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனாலும் இரவில் அக்கரையிலிருந்து அந்தப் படகுகள் வருவது நிற்கவில்லை. இங்கே பிடிபடும் ராமேஸ்வரத்துப் பிள்ளைகளும் கூலிக்குப் போகிறவர்கள்தான். இரண்டு பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வீதியைப் பற்றி யார் எங்கே பேசினாலும் இந்த இரண்டு கரை ஆட்களையும் முதலில் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலத்தில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. இரண்டு கரைக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டுகளில் இலங்கைப் பக்கத்தவை 2015இலிருந்து தேசியப் பூங்கா. பறவைகள் வந்து முட்டையிடும் இடம். கடல் ஆழமில்லை, திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். தூண் போட்டால் மணல் எங்கே போய்ச் சேரும் என்று அங்கே வாழ்கிறவர்கள்தான் பயப்படுகிறார்கள். கொழும்பில் என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர்களின் பயம் வேறு. இவ்வளவு பெரிய நாடு இவ்வளவு சின்னத் தீவுக்குள் வீதி போட்டால் நாங்கள் என்ன ஆவோம் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் இனவாதம் என்று தள்ளிவிடுவதில்லை. பக்கத்து வீடு பெரிதாக இருந்தால் நடுவில் வேலி வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் வேலியில் ஒரு படலை வைப்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

படலை என்று நான் சொல்வது காகிதத்தை. எல்லை தாண்டும் வீதியில் கான்கிரீட் பாதிதான், மீதி காகிதம். தொழிலில் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன். இந்திய–வங்கதேச எல்லையில் பெட்ராபோல்–பேனாபோல் இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல வீதி. ஆனால் இந்திய லொறியில் வந்த சரக்கை எல்லையில் இறக்கி வங்கதேச லொறியில் ஏற்ற வேண்டும். அந்த எல்லையைச் சரக்கு தாண்ட நாட்கணக்கில் ஆவதாகவும், கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே அளவு சரக்கு ஆறு மணி நேரத்துக்குள் தாண்டிவிடுவதாகவும் உலக வங்கி 2021இல் எழுதியது. இதைத் தீர்க்க 2015 ஜூனில் திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் வாகன ஒப்பந்தம் போட்டன. பூட்டானின் மேல்சபை அதை ஏற்கவில்லை. சின்ன நாடு, மலைப்பாதை, புகை, அந்நிய லொறிகள் என்று யோசித்தார்கள். எங்கள் வாஃப் நண்பர்களின் அதே யோசனைதான். தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவில் நிற்பதற்கு இதெல்லாம் சேர்ந்த காரணம்.

கிழக்கே இன்னொரு வீதி இருக்கிறது, அதிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். மணிப்பூரின் மோரேயிலிருந்து பர்மா வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரைக்கும் இந்தியா, மியன்மார், தாய்லாந்து மூன்றும் சேர்ந்து போடும் நெடுஞ்சாலை, சுமார் 1,360 கிலோமீற்றர். மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உண்டு. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு இந்தியா வந்த தமிழர்களில் சிலர், பிறந்த ஊருக்கே திரும்பிப் போகலாம் என்று தரைவழியே கிளம்பி, எல்லையில் மறிக்கப்பட்டு, அங்கேயே கடை போட்டுக்கொண்டவர்கள். அந்த வீதி அவர்கள் வாசல் வழியே போகிறது. ஆனால் 2021இல் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023இல் மணிப்பூர் எரிந்தது. பாலங்கள் கிடக்கின்றன, பயணம் இல்லை. மோரேத் தமிழரை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லையில் நின்றுபோன அந்தச் சனத்தின் மனசு எனக்குத் தெரியும் போல இருக்கிறது.

பிம்ஸ்டெக் மாநாடு கொழும்பில் நடந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். 2022 மார்ச் 30. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள ஏழு நாடுகளின் போக்குவரத்துத் தொடர்புக்குப் பெருந்திட்டம் ஒன்றை அன்றைக்கு ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. நாட்டின் பொருளாதாரம் விழுந்து, பத்து மணி நேரத்துக்கு மேல் வெட்டிய நாட்கள் அவை. மறுநாள் இரவு மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டுப் பக்கம் சனம் வீதிக்கு இறங்கியது. அந்த வருடம்தான் பக்கத்து நாடு என்றால் என்ன என்று எனக்குச் சரியாகப் புரிந்தது. இந்தியக் கடனில் டீசல் கப்பல் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அறிவித்து, முதல் கப்பல் மே மாதம் கொழும்புக்கு வந்தது. மூட்டை இறங்குவதை நான் வாஃபில் நின்று பார்த்தேன். அதில் ஒரு மூட்டை எங்கள் பழைய தோட்டத்துக்கும் போனது. மாமா போன் பண்ணிச் சொன்னார், "மாப்ள, ஊர்ல இருந்து அரிசி வந்திருக்கு" என்று. அவர் ஒருநாளும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் கரை வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. இங்கே 2015இலிருந்து பியர் வரை ரயில். அங்கே 2017இலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. நடுவில் தேவைப்படுவது இப்போதைக்கு ஒரு கப்பல்தான். ஒழுங்காக ஓடும் கப்பல். 2011 ஜூனில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு பெரிய கப்பல் ஓடியது, அந்த வருடமே நின்றுபோனது. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒன்றைத் தொடங்கி, சில நாட்களில் நிறுத்தி, 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கினார்கள். கடல் குழம்பினால் அதுவும் நிற்கும். 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டெல்லி போனபோது வந்த கூட்டறிக்கையில் ராமேஸ்வரம்–தலைமன்னார்ப் படகுச் சேவையைச் சீக்கிரம் தொடங்குவதாக ஒரு வரி இருக்கிறது. 24,000 கோடிப் பாலத்தைவிட எனக்கு அந்த ஒரு வரி பெரிது.

அந்த வரி நிறைவேற, பியரைத் திருத்த வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு குடிவரவு மேசையும் ஒரு சுங்க மேசையும் போட வேண்டும், ஏழைக்குக் கட்டும் விலையில் டிக்கெட் வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பிரிந்த குடும்பங்களுக்குத் தனி விசா வேண்டும். சாவுக்கும் கல்யாணத்துக்கும் அன்றைக்கே கொடுக்கிற மாதிரி. ஐந்து லட்சம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரிக்கத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு இது முடியாத காரியம் இல்லை. பிரித்தவர்கள் எழுதி வைத்த பட்டியல்கள் இரண்டு நாட்டு அலுவலகங்களிலும் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கமாகச் சொன்னேன். ஏஎச் 43, திம்பு, டெல்லி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கப்பல் வருமா என்று கேட்டார். வரும் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"கப்பல்ல தேயிலைத் தூள் எத்தன கிலோ கொண்டு போவலாம்?"

விமானத்தைவிடக் கூடுதலாக விடுவார்கள் என்றேன். போன கிழமை குசினி அலுமாரியைத் திறந்தபோது பார்த்தேன், பொகவந்தலாவையிலிருந்து மாமா அனுப்பும் தூளில் ஒவ்வொரு மாதமும் ஒரு பைக்கட்டை உடைக்காமல் மேல் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார். நான்கு சேர்ந்திருக்கிறது.